ஈரம் உள்ளே, கசிவு வெளியே

கோயம்புத்தூரிலோ சென்னையிலோ கார் வைத்திருப்பவரிடம் ஹீட்டரைப் பற்றிப் பேசினால், "அதை யாருங்க போடறாங்க?" என்பார். நியாயம்தான். சமவெளியில் அந்தக் குமிழை நீலத்திலிருந்து சிவப்புப் பக்கம் திருப்பாமலேயே ஒரு வண்டியின் ஆயுள் முடிந்துவிடும். அதனால் அங்கே ஹீட்டர் காயில் ஒழுகினால் பெரும்பாலும் புதிது போட மாட்டார்கள். இன்ஜினிலிருந்து காயிலுக்குப் போகும் ஹோஸையும் காயிலிலிருந்து திரும்பி வரும் ஹோஸையும் ஒரு குழாய்த் துண்டால் இணைத்துக் காயிலைத் தனியே விட்டுவிடுவார்கள். லூப் போடுவது என்று அதற்குப் பெயர். டேஷ்போர்டைத் தொட வேண்டியதில்லை, சீக்கிரம் முடிந்துவிடும், ஒழுகலும் நின்றுவிடும்.

அப்படி லூப் போட்ட வண்டியோடு மலையேறி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். இரண்டு மணி நேரப் பயணத்தில் வெயிலிலிருந்து பனிக்குள் வந்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் பர்லியார் தாண்டியதும் மேகம் ரோட்டிலேயே இறங்கி நிற்கும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஐந்தாறு பேர் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்க, முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்துவிடும். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் கைக்குட்டை. மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. எதிரே பஸ் வருகிறதா, பள்ளம் இருக்கிறதா என்று தெரியாமல் இந்த வளைவுகளில் திரும்புகிறார்கள். மலையில் ஹீட்டர் காலுக்குச் சூடு காட்ட இருப்பதாக நினைக்கிறவர்கள் உண்டு. அது கண்ணாடியைத் துடைக்க இருக்கிறது. பிரேக், ஹெட்லைட், வைப்பர் என்று நான் பார்க்கும் வரிசையில் நான்காவதாக ஹீட்டரைத்தான் வைப்பேன்.

ஹீட்டர் என்று தனியாக எரிகிற பொருள் எதுவும் சாதாரணக் காரில் கிடையாது. எரிபொருளிலிருந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை கூலண்ட் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. அதிலிருந்து ஒரு சிறு கிளை, பெருவிரல் பருமனுள்ள ஹோஸ் வழியாக, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரைத் தாண்டி டேஷ்போர்டுக்குள் நுழைகிறது. அங்கே கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஹீட்டர் காயில். புளோயர் காற்று அதன் ஊடே புகுந்து சூடாகி மேலே கண்ணாடிக்கும் கீழே காலுக்கும் வருகிறது. வெளியே வீணாகப் போகிற சூட்டைத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஹீட்டர் போட்டால் மைலேஜ் குறையும் என்று அணைத்து வைக்கும் டிரைவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

நான் மெக்கானிக் தொழில் பழகியது குன்னூரில், ஒரு தகர ஷெட்டில். என்னை வேலைக்கு வைத்துக்கொண்ட அண்ணனிடம் மீட்டரோ ஸ்கேனரோ இருந்ததில்லை. கையை வைத்துப் பார்ப்பதுதான் அவருடைய வித்தை. இன்ஜின் சூடானதும் ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்வார். இரண்டும் சூடாக இருந்தால் காயிலில் ஓட்டம் இருக்கிறது. ஒன்று சூடு, ஒன்று சில்லென்று இருந்தால் காயில் அடைத்திருக்கிறது. இரண்டுமே சில்லென்று இருந்தால் வால்வு மூடியிருக்கிறது, இல்லாவிட்டால் உள்ளே காற்று நிற்கிறது. இன்றைக்கு என் ஷெட்டில் எல்லாக் கருவியும் இருக்கிறது. ஆனாலும் புதுப் பையன்கள் வந்தால் முதலில் ஹோஸைப் பிடிக்கத்தான் சொல்கிறேன். ஒரு மீட்டர் சொல்லும் எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது கைக்குத் தெரிந்தால்தான் புத்திக்கும் தெரியும்.

அந்தக் காலத்துக் காயில்கள் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் சுத்தம் செய்து, ஈயம் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டுவோம். இப்போது வருபவை அலுமினியம், ஓரங்களில் பிளாஸ்டிக் தொட்டி. அந்த ஈய வேலை இதில் எடுபடாது, மாற்றத்தான் வேண்டும். தொட்டியில் அமுக்கிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. பெட்டியிலிருந்து பிரித்த புதுக் காயிலாக இருந்தாலும் மெல்லக் காற்றேற்றித் தண்ணீரில் பார்த்த பிறகுதான் உள்ளே போகும். ஏனென்றால் அதை மாட்டி முடித்த பிறகு சந்தேகம் வந்தால் மறுபடியும் முழு டேஷ்போர்டையும் கழற்ற வேண்டியிருக்கும்.

கார் வேலைகளில் பொருளின் விலையைவிடக் கூலி பல மடங்கு ஆகும் வேலை இது. காயில் கைக்கடக்கமான பொருள். அதைத் தொடுவதற்கு முன்னால் ஸ்டியரிங் காலம் இறங்க வேண்டும், மீட்டர் வெளியே வர வேண்டும், டேஷ்போர்டு முழுதாகத் தூக்கப்பட வேண்டும். ஏசியின் கூலிங் காயிலும் அதே பெட்டிக்குள் இருந்தால் கேஸை முறையாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஏர்பேக் வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வரிசை மாறாமல் தட்டுகளில் போட்டு வைப்போம். இத்தனை உழைப்பும் பணமும் செலவழித்து மாற்றிய பிறகு மறுபடியும் கால் வைக்கும் இடத்தில் ஈரம் தெரிந்தால், வண்டிக்காரருக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஒருவர் டிசம்பரில் வந்தார். ஊட்டியில் எல்க்ஹில் பக்கத்து ஏற்றத்தில் வீடு. சுற்றுலாக்காரர்களுக்கு ஓட்டும் டீசல் டாக்ஸி. கீழே ஓர் ஒர்க் ஷாப்பில் ஹீட்டர் காயில் மாற்றியிருந்தார்.

"அண்ணா, காயில் மாத்தி ஒரு மாசம்கூட முழுசா ஆகலைங்க. மறுபடியும் கால்கிட்ட ஈரம். புதுக் காயிலும் போயிருச்சுங்களா?"

"போயிருச்சுன்னு யார் சொன்னது?"

"மாத்தின இடத்துலதாங்க. மறுபடி கொண்டாங்க, டேஷ்போர்டக் கழட்டோணும்ங்கறாங்க."

"இருங்க, கழட்டறதப் பத்தி அப்புறம் பேசலாம். ஈரம் எப்பப் பார்த்தீங்க? காலைலயா, ஓட்டிட்டு வந்து நிறுத்துனதுக்கப்புறமா?"

கொஞ்சம் யோசித்தார். "காலைலதாங்ணா. மத்தியானம் தொட்டுப் பார்த்தா புதுசா ஒண்ணும் இருக்கறதில்லீங்க."

"ராத்திரி வண்டி எங்க நிக்குது?"

"வூட்டுக்கு முன்னாடிதாங்க. ஏத்தத்துல."

"மூக்கு மேல பார்த்தா, கீழ பார்த்தா?"

"மேல பார்த்துதாங்ணா நிறுத்துவேன்."

இந்தப் பதில்களைக் கேட்டதும் எனக்குக் காயில் மேல் இருந்த சந்தேகம் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் தொழிலில் மனதுக்குத் தோன்றியதைக் கண்ணால் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

முதலில், அந்த ஈரம் என்ன ஈரம் என்று தெரிய வேண்டும். காருக்குள் தண்ணீர் வர வழிகள் பல. ஏசியின் கழிவுநீர்க் குழாய் அடைத்தால் அந்தத் தண்ணீரும் கால் வைக்கும் இடத்துக் கார்பெட்டில்தான் வழியும். முன் கண்ணாடிக்குக் கீழே இலைதழை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். இவை இரண்டும் வெறும் தண்ணீர், விரலில் தேய்த்தால் ஒட்டாது, உலர்ந்தால் தடம் இருக்காது. கூலண்ட் வழவழக்கும், இனிப்பான ஒரு வாடை வரும், கண்ணாடியின் உள்பக்கத்தில் எண்ணெய் பூசியதுபோல் ஒரு படலம் விழும். துணியால் துடைத்தால் இன்னும் இழுசும். சில பேர் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். ஒருபோதும் செய்யக் கூடாது. கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைகால், அது விஷம்.

இன்னொன்றும் உண்டு. பழைய காயில் ஒழுகியபோது கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த ஃபெல்ட் ஊறிப்போயிருக்கும். கிளைகால் தண்ணீர் மாதிரி காய்ந்து போகாது. காற்றில் இருக்கும் ஈரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஃபெல்ட்டைக் கழுவிக் காயவைக்காமல் அப்படியே மூடிவிட்டால், கசிவு நின்ற பிறகும் வாரக்கணக்கில் நசநசவென்று இருக்கும். இல்லாத ஒழுகலைத் தேடி நல்ல காயிலைக் கழற்றிய கதைகள் எங்கள் தொழிலில் நிறைய. அதனால் சீட்டைக் கழற்றி, கார்பெட்டையும் ஃபெல்ட்டையும் வெளியே எடுத்து நன்றாகத் தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் போட்டோம். வெறும் தகட்டின் மேல், ஹீட்டர் பெட்டிக்கு நேர் கீழே, வெள்ளைக் காகிதம் விரித்தோம். காகிதத்தில் சொட்டினால் சாயம் தெரியும், எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் தெரியும்.

அடுத்தது பிரஷர் டெஸ்டர். ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக மாட்டும் ஒரு கைப்பம்பு, அதில் ஒரு மீட்டர். மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ ஒரு எண் அச்சடித்திருக்கும். அது கூலண்ட் ஓட்டத்துக்குள் அனுமதிக்கும் அழுத்தம். டெஸ்டரில் அந்த அளவுக்கு ஏற்றலாம், அதற்கு மேல் ஏற்றினால் நல்ல இடத்தையும் நாமே கிழித்துவிடுவோம்.

இந்த எண்ணுக்கு மலையில் தனி அர்த்தம் இருக்கிறது. ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏறுகிற வண்டியின் இன்ஜின் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு வரும்போது அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். ஆனாலும் கொதிக்காமல் இருப்பதற்குக் காரணம் மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தம்தான், வீட்டில் குக்கர் செய்கிற வேலையை அது செய்கிறது. 0.9 அழுத்தம் சரியாக நின்றால் ஊட்டி உயரத்திலும் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 115 டிகிரி வரை தாங்கும். எங்கோ ஓர் ஊசிமுனைக் கசிவு இருந்தால் அழுத்தம் நிற்காது. சொட்டுச் சொட்டாகப் போகும் கூலண்ட் பெரிய நஷ்டமில்லை என்று சமவெளியில் சொல்லிக்கொள்ளலாம். இங்கே சொட்டோடு சேர்ந்து அந்த இருபது டிகிரியும் போகிறது. ஏற்றத்தில் பானட்டைத் திறந்து வைத்து ஆவி பறக்க நிற்கும் வண்டிகளில் கூலண்ட் இல்லாத வண்டிகளும் உண்டு, கூலண்ட் இருந்தும் அழுத்தம் இல்லாத வண்டிகளும் உண்டு.

அந்த டாக்ஸிக்கு மத்தியானம் டெஸ்டர் மாட்டி 0.9 ஏற்றினோம். முள் அசையவில்லை. அரை மணி நேரம் கழித்தும் அதே இடம். காகிதம் சுத்தமாக இருந்தது. இங்கேதான் பலரும், ஒன்று ஒழுகலே இல்லை என்று அனுப்பிவிடுவார்கள், அல்லது காயில்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். வண்டிக்காரர் காலையில்தான் ஈரம் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் காலையில்தான் பார்க்க வேண்டும், அவர் நிறுத்துவது போலவே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஷெட்டுக்கு வெளியே இருக்கும் ஏற்றத்தில் மூக்கு மேலே பார்க்க வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

டிசம்பரிலும் ஜனவரியிலும் ஊட்டியில் உறைபனி விழும். காந்தலிலும் தலைகுந்தாவிலும் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் வெளுத்திருக்கும் காலம் அது. விடியும் முன்பே வந்து டெஸ்டரில் காற்றேற்றினேன். 0.9 தொட்ட முள் கண் முன்னாலேயே மெல்ல இறங்கியது. டார்ச்சை இன்ஜின் பக்கத்திலிருந்து தகட்டுச் சுவர் மேல் அடித்தேன். காயிலின் கீழ்க் குழாயில் ஹோஸ் மாட்டியிருக்கும் இடத்தில், கிளிப்புக்கு அடியில், ரோஸ் நிறத்தில் ஒரு துளி திரண்டது. அது நேராகக் கீழே விழவில்லை. வண்டியின் மூக்கு மேலே இருந்ததால் குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஊர்ந்தது. தகட்டுச் சுவரில் குழாய் நுழையும் துளையைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்சு வளையம் இருக்க வேண்டும். காயில் மாற்றியவர்கள் அதைத் திரும்ப வைக்கவில்லை. துளி அந்த இடைவெளி வழியாகக் கேபினுக்குள் நுழைந்து, ஹீட்டர் பெட்டியின் ஓரமாக இறங்கிக் காகிதத்தில் சொட்டியது. காயில் எலும்பு போலக் காய்ந்திருந்தது.

சமதளத்தில் நிறுத்தியிருந்தால் அதே துளி இன்ஜின் பக்கத்திலேயே விழுந்திருக்கும், யாரும் காயிலைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். வெயில் ஏறியதும் அந்த இடம் தானாக அடைத்துக்கொண்டது.

குளிரில் மட்டும் ஒழுகுவதற்குக் காரணம் ரப்பரின் குணம். சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் உலோகத்தைவிட ரப்பருக்குப் பல மடங்கு அதிகம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஹோஸ் உப்பிக் கிளிப்புக்குள் இறுக்கமாக நிற்கும். இரவில் எல்லாம் குளிர்ந்ததும் ரப்பர் சுருங்கும், ஸ்க்ரூ கிளிப் அதைப் பின்தொடர்ந்து இறுக்காது. எந்த வட்டத்தில் முடுக்கினோமோ அந்த வட்டத்திலேயே நிற்கும். மயிரிழை இடைவெளி போதும், கூலண்ட் வெளியே வந்துவிடும். கம்பெனியிலிருந்து வரும்போது பெரும்பாலான வண்டிகளில் ஹீட்டர் ஹோஸுக்கு ஸ்பிரிங் கிளிப் போட்டிருப்பார்கள். ரப்பர் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும், விரிந்தால் விரியும். கை நுழையாத இடத்தில் பிளேயரால் அதைப் பிடித்து விரிப்பது கஷ்டமான வேலை என்பதால், கழற்றும்போது தூக்கிப் போட்டுவிட்டு ஸ்க்ரூ கிளிப்பை மாட்டிவிடுகிறார்கள். இந்த வண்டியிலும் அதுதான் நடந்திருந்தது. போதாததற்குப் பத்து வருஷம் ஓடிய பழைய ஹோஸ். அதன் முனை மரக்கட்டையாக இறுகி, பழைய கிளிப் உட்கார்ந்திருந்த பள்ளம் அப்படியே பதிந்திருந்தது. புதுக் குழாயின் மேட்டுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் பொருத்தம் இல்லை.

"இன்னும் ரெண்டு சுத்து டைட் வெச்சா நிக்காதுங்களாண்ணா?" என்று கேட்டார். சில நாள் நிற்கும். பிறகு கிளிப்பின் பட்டையில் இருக்கும் வெட்டுகள் வழியாக ரப்பர் பிதுங்கி அறுந்துவிடும். காயிலின் கழுத்து பிளாஸ்டிக்காக இருந்தால் கழுத்தே நசுங்கும், அப்போதுதான் உண்மையாகவே டேஷ்போர்டைக் கழற்ற வேண்டி வரும்.

வேலை சின்னது, ஆனால் ஒவ்வோர் அடியிலும் கவனம் வேண்டும். பழைய ஹோஸைப் பிளேயரால் திருகி இழுக்கக் கூடாது. எப்படியும் வெளியே போகிற ஹோஸ்தானே, கழுத்தில் கீறல் விழாமல் நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்துவிட வேண்டும். குழாயில் ஒட்டியிருக்கும் ரப்பர்த் தூளையும் வெள்ளைப் பூப்பையும் மெல்லிய எமரி தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து எடுக்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் கசிவுக்கு ஒரு வாய்க்கால். ஹோஸ் வழுக்கி ஏற வேண்டும் என்று கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவுகிறவர்கள் உண்டு. இந்த வகை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிக் கெட்டுவிடும். கூலண்டையே விரலில் தொட்டுத் தடவினால் போதும். ஷெல்லாக் பூசுவதையும் நான் அனுமதிப்பதில்லை. சுத்தமான குழாயும் புது ஹோஸும் சரியான கிளிப்பும் இருந்தால் பசைக்கு அங்கே வேலை இல்லை. கிளிப் குழாயின் மேட்டைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் அது எந்த நேரமும் வழுக்கும். இரண்டு ஹோஸையும் மாற்றினோம், இரண்டிலும் ஸ்பிரிங் கிளிப், துளையைச் சுற்றிப் புது ஸ்பாஞ்சு.

பிறகு காற்றெடுக்கும் வேலை. பல வண்டிகளில் ஹீட்டர் காயில்தான் கூலண்ட் ஓட்டத்தின் உயரமான இடங்களில் ஒன்று. நிரப்பும்போது காற்று போய் அங்கே தங்கிவிடும். ஹீட்டர் சூடாகாது, சூடு முள் ஏறி இறங்கும், தேங்கிய காற்று விரிந்து கூலண்டை ரிசர்வாயர் வழியாக வெளியே தள்ளும். அதைப் பார்த்துவிட்டுப் புது ஒழுகல் என்று தேட ஆரம்பிப்பார்கள். ஊட்டியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. மூக்கு மேலே பார்க்க ஏற்றத்தில் நிறுத்தினால் ரேடியேட்டர் வாய் எல்லாவற்றுக்கும் மேலே வந்துவிடும். குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து, மெதுவாக ஊற்றிக்கொண்டே ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விட வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓட விட்டு, குமிழி நின்ற பிறகு மூடி, முழுவதும் ஆறிய பின் மறுபடி அளவு பார்க்க வேண்டும். இரண்டு ஹோஸையும் கையால் பிடித்தேன். இரண்டும் ஒரே சூடு. மறுநாள் விடியற்காலை டெஸ்டர் முள் நின்ற இடத்தில் நின்றது. அதற்கு அடுத்த குளிர்காலத்திலும் அந்த டாக்ஸியின் கார்பெட் காய்ந்தே இருந்தது.

ஒழுகலை அடைத்ததோடு வேலை முடிந்ததாக நான் நினைப்பதில்லை. முதல் காயில் ஏன் செத்தது என்பதற்கும் பதில் வேண்டும். அதிர்ஷ்டவசமாக டிரைவர் பழைய காயிலை வாங்கி வைத்திருந்தார். வாங்கி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். குலுக்கியதும் செங்காவி நிறத்தில் சேறு வந்தது. பல வருஷம் கூலண்ட் இல்லாமல் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து, இரும்பு துருவேறி, அலுமினியத்தை உள்ளிருந்து அரித்திருக்கிறது. கூலண்ட் என்பது உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து மட்டுமில்லை, துருப்பிடிக்காமல் காக்கிறதும் அதுதான். ஓடையிலும் குழாயிலும் பிடித்து ஊற்றாமல், பேட்டரி வாட்டர் என்று விற்கும் சுத்திகரித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் காயில், ரேடியேட்டர், வாட்டர் பாடி மூன்றும் பிழைக்கும். நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்காதீர்கள். பச்சை, ரோஸ், நீலம் எல்லாம் கம்பெனிகள் தம் இஷ்டத்துக்குப் போடும் சாயம். வண்டியின் புத்தகத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அதை வாங்குங்கள்.

காயில் சாவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஹெட் கேஸ்கெட் போய் இன்ஜினில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்தால் அழுத்தம் அளவு மீறி ஏறும், பலவீனமான இடம் முதலில் வெடிக்கும். எர்த் வயர் சரியில்லாவிட்டால் மின்சாரம் கூலண்ட் வழியாகப் பாய்ந்து அலுமினியத்தைத் தின்னும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைக் கூலண்டிலும் வைத்துப் பார்த்தால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இதைப் பார்க்காமல் காயிலை மட்டும் மாற்றினால் அடுத்த காயிலும் அதே வழியில் போகும்.

மஞ்சள் தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டும் வழக்கம் பழைய லாரி டிரைவர்களிடம் இருந்தது, இன்னும் சிலரிடம் இருக்கிறது. இப்போது கடையில் பாட்டிலில் விற்கும் ஒழுகல் அடைப்பான்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நடுக்காட்டில் மாட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டிய கட்டாயத்தில் செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தூளுக்கு ஓட்டை எது, நல்ல குழாய் எது என்று தெரியாது. கூலண்ட் ஓடும் வழியில் மிக மெல்லிய குழாய்கள் ஹீட்டர் காயிலில் இருக்கின்றன, முதலில் அடைபடுவது அதுதான். ஒழுகல் நின்றது என்று சந்தோஷப்பட்டவர் அடுத்த மழைக்காலத்தில் கண்ணாடி வெளுத்துப்போய் வந்து நிற்பார்.

மலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் மலைக்கு வருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது சில உண்டு. ஹீட்டர் காயில் மாற்றக் கொடுத்தால் இரண்டு ஹோஸையும் கிளிப்புகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், மொத்தச் செலவில் அது சிறு துளி. லூப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே லூப் போட்ட வண்டி என்றால் மலையேறும் முன் காயிலைச் சரி செய்யுங்கள். வடித்த பழைய கூலண்டை எங்கே ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கும், சில மிடறு போதும், சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். என் ஷெட்டில் அதை மூடி போட்ட கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறோம். சாக்கடையிலோ ஓடையிலோ ஒரு சொட்டும் விடுவதில்லை. நீங்கள் வண்டி விடும் இடத்திலும் அப்படியே செய்யச் சொல்லுங்கள்.